கரையாத கட்டி

திண்டிவனம் பக்கம் ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் என் பேச்சைக் கேட்ட ஒரு பெண், மார்பில் இருந்த கட்டியை யாரிடமும் காட்டாமல், எண்ணெயைக் குறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டார். அதற்குக் காரணம் நான்.

விழுப்புரத்தில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவையானதை விட்டுவிட்டு எனக்குப் பிடித்ததைப் பேசினேன். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்க, செல்லின் மேல் ஓர் ஏற்பி உண்டு. அதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. வேகமாகப் பெருகும் புற்றுச்செல்லுக்குப் புதிய சவ்வு கட்டக் கொலஸ்ட்ரால் நிறைய வேண்டும். சில வகை மார்பகக் கட்டிகளில் இந்த ஏற்பி கூடுதலாகவே இருக்கிறது. ஏற்பி எவ்வளவு உருவாகலாம் என்பதில் மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கும் பங்குண்டு. ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உள்ள துணுக்குகள் அவை. தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் தடுத்துவிடும். கல்லீரலில் எல்டிஎல் ஏற்பியை அப்படி அடக்குவது மைஆர்-148ஏ. 1993இல் ஒரு சிறு புழுவில் தெரியவந்த இந்த வகைத் துணுக்குகளுக்கு 2024இல்தான் நோபல் கிடைத்திருந்தது. அந்த உற்சாகத்தில் நேரம் போனதே தெரியவில்லை.

சொன்னதில் தப்பில்லை. சொல்லாமல் விட்டதுதான் தப்பு. உடம்புக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது, புற்றுச்செல்லும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். எண்ணெயைக் குறைத்து எந்தப் புற்றுக்கட்டியையும் கரைக்க முடியாது. இந்த ஒரு வரி என் பேச்சில் இல்லை. கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்பது கடைசி ஸ்லைடில் இருந்தது. நேரமாகிவிட்டதென்று அதைக் காட்டாமலே முடித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் கிட்டே வந்தார். பக்கத்தில் நின்ற குழுத் தலைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டின்னா கரைஞ்சிடுமா மேடம்?" என்று தணிந்த குரலில் கேட்டார். முந்தானைக்குள் அவருடைய வலது கை, இடது மார்பின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். எதற்காகக் கேட்கிறார் என்பது அப்போதே புரிந்துவிட்டது. நானும் ஒரு பெண், தனியாக அழைத்துப்போய் "எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டிருக்க முடியும். "எண்ணெய், பலகாரமெல்லாம் குறைச்சுக்குங்கம்மா, நல்லது" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ரயிலுக்கு நேரமாகியிருந்தது. ரயில் மயிலம் தாண்டும்போதும் அந்தக் கை நினைவில் இருந்தது. குழுத் தலைவியின் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிடவில்லை.

கேட்டுவிட்டால் அவரை முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுமே என்று பயந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வு முழுக்க எம்சிஎஃப்-7 செல்களில் செய்தது. 1970இல் அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரியின் மார்பகப் புற்றிலிருந்து வளர்த்தெடுத்த செல்கள் அவை. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. புற்றுநோய் என்றால் எனக்குக் குடுவைக்குள் இருப்பதுதான் பழக்கம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்று என் எதிரே நின்றது ஒரு மனுஷி.

மாதங்கள் கழித்துக் குழுத் தலைவியே போன் செய்தார். கட்டி பெரிதாகி, அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. பயாப்சியில் புற்று என்று வந்துவிட்டது. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பார்க்கப் போனேன். முடி கொட்டியிருந்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "நீங்க சொன்னாப்பலதான் மேடம் இருந்தேன். மல்லாட்டைகூடத் தொடல" என்றார். வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்த பிள்ளை டீச்சரிடம் சொல்வதுபோல் இருந்தது. அன்றும் எதுவும் சொல்லாமல் திரும்பினேன்.

மறுபடி போய் எல்லாவற்றையும் சொன்னேன், கையைப் பார்த்ததையும், புரிந்தும் கிளம்பிப் போனதையும். அவர் கோபப்படவில்லை.

"அன்னிக்கே கேட்டிருந்தா காட்டியிருப்பேன் மேடம்" என்றார். "காட்டணும்னுதான் வந்தேன்."