சிப்பி மண்ணில் மல்லிகை

கொற்கை என்றவுடன் நேயர்களுக்கு முத்து ஞாபகத்துக்கு வரும், மல்லிகை வராது. பாண்டியர் துறைமுகமாய் விளங்கிய அவ்வூர், தாமிரபருணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடலை விட்டு விலகி, இன்று சில மைல் உள்ளே கிடக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பும் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கடல் போயினும் அதன் சொத்து போகவில்லை. இப்பக்கத்துக் கொல்லைகளைக் கொத்தினால் சங்கும் சிப்பியும் மண்வெட்டியில் தட்டுகின்றன. 1968-69லும் 2021லும் இங்கே அகழ்ந்து பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு அவை பொக்கிஷம். பூச்செடி வளர்ப்போருக்கோ பெரும் சோதனை.

நமது அடுத்த வீட்டு ஆச்சி, பத்துக் குண்டுமல்லிச் செடிகளை வைத்துக்கொண்டு, பூத்தொடுத்து விற்று, வீட்டுச் செலவில் ஒரு பகுதியைச் சரிக்கட்டி வருபவர். சென்ற ஆண்டு அச்செடிகளின் கொழுந்துகள் மஞ்சளித்தன, அரும்பு அருகிற்று. எருவைக் கொட்டினார்; நாள் தவறாமல் தண்ணீர் வார்த்தார். பயனில்லை.

"இந்த மண்ணுக்குப் பூ ராசியே இல்லய்யா, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டிரப் போறேன்" என்றார்.

மண்ணின்மேல் பழி சுமத்துமுன் அதை விசாரிக்க வேண்டாமா? ஒரு பிடி மண்ணை எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து காட்டினோம். நுரைத்துப் பொங்கிற்று. சிப்பி என்பது சுண்ணாம்புதானே? சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது. பெட்டி நிறையப் பணமிருந்தும் சாவியைத் தொலைத்தவன் பட்டினி கிடப்பது போலத்தான். இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பது இதற்கு அடையாளம். அன்னபேதியை மண்ணில் இட்டால் அதையும் சுண்ணாம்பு கட்டிப்போட்டுவிடும். ஆகையால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளிக்கவேண்டும். பச்சை திரும்பும்வரை சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் தெளிக்கலாம்.

அடுத்த சத்துரு உப்பு. இலையின் ஓரம் கருகினால் அதன்மேல் சந்தேகம் கொள்ளலாம். கடலோரக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் ஊறும். அந்த நீரைத் தினம் ஒரு செம்பு வார்த்தால், நீர் ஆவியாய்ப் போய் உப்பு மட்டும் மேல் மண்ணில் தங்கும். அதைவிட, சில நாட்களுக்கு ஒரு முறை வேரின் அடிவரை இறங்குமாறு பாய்ச்சி, தேங்காமல் வடியவிடுவது மேல். செடியின் அடியில் சருகைப் பரப்பினால் ஈரம் காக்கும். நாளடைவில் மக்கி உரமுமாகும்.

கடைசியாகக் கத்தி. மல்லிகை புதுத் தளிரிலேதான் அரும்பு வைக்கும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்து, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இடவேண்டும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்லும் முறை. முல்லைக்கு ஜனவரிக் கடைசியே ஏற்ற காலம். ஆச்சிக்குக் கத்தி வைக்க மனம் வரவில்லை.

"திருச்செந்தூரில் பேரனுக்கு முடி இறக்கினீர்களே, அப்படி எண்ணிக்கொள்ளுங்கள் ஆச்சி" என்றோம். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பத்தில் ஒரு செடி பிழைக்கவில்லை. மற்ற ஒன்பதும் பங்குனியில் அரும்பு கட்டின. ஆச்சியின் கூடையும் மறுபடி தெருவுக்குப் புறப்பட்டது.

எல்லாச் செடிக்கும் இதே வைத்தியம் பலிக்குமென்று சொல்வதற்கில்லை. வெட்சிக்குச் சுண்ணாம்பு அறவே ஆகாது. அதைச் செம்மண்ணும் இலை மக்கும் கலந்த தொட்டியில் வளர்ப்பதே நலம். அரளியும் காகிதப்பூவுமோ உப்புக் காற்றைப் பொருட்படுத்தாமல் பூத்துச் சொரியும். எந்தச் செடியானாலும், பிடுங்கி எறியுமுன் அரை எலுமிச்சம்பழம் செலவழித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.