தட்டைக்காலும் பதினோராயிரம் ரூவா ஷூவும்

போன வருஷம் வரைக்கும் நான் ஓடினதெல்லாம் ஆபீஸ் கேபைப் பிடிக்க மட்டும்தான். ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மறுநாள் காலைல அஞ்சரைக்கு எலியட்ஸ் பீச்சுல ஆஜர். கால்ல காலேஜ் காலத்து கான்வாஸ் ஷூ.

ரெண்டு கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு மூணே வாரத்துல பத்து கிலோமீட்டர். பக்கத்து சீட்டுக்காரன் பத்து ஓடுறான், நாம என்ன குறைச்சலா? நாலாவது வாரம் கணைக்கால் எலும்பு ஓரமா சுள்ளுன்னு வலி. மாடிப்படி இறங்கினா கண்ணுல தண்ணி வந்துச்சு.

ஷூதான் வில்லன்னு முடிவு பண்ணி ஒரு பெரிய கடைக்குப் போனேன் (பேர் வேணாம், பாவம்). ஒரு கண்ணாடி மேடை மேல நிக்க வெச்சாங்க. ஸ்க்ரீன்ல என் பாதம் ரெண்டும் தோசை மாதிரி முழுசா தெரிஞ்சுது. "சார், உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட். ஓவர் ப்ரொனேஷன் வேற. சாதா ஷூ போட்டீங்கன்னா முட்டி போயிடும் சார்"னு அந்தத் தம்பி ரொம்ப வருத்தப்பட்டார். முட்டியைக் காப்பாத்த பதினோராயிரம் ரூவாய்க்கு ஒரு ஸ்டெபிலிட்டி ஷூ. கார்டைத் தேய்ச்சாச்சு.

வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னா, அப்பா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கவே இல்ல. "என் கால்டா அது"ன்னார். அவ்வளவுதான்.

மீதிக் கதையை அம்மா சமையல்கட்டுல வெச்சு சொன்னா. 1986-ல அப்பாவுக்கு 19 வயசு. யூனிஃபார்ம் போடுற வேலை ஒண்ணுக்கு ஆள் எடுத்தப்போ ஓட்டத்துல முதல் பத்து பேர்ல வந்திருக்கார். மெடிக்கல்ல பாதத்தைப் பார்த்துட்டு 'தட்டைக்கால்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் மனுஷன் ஓடவே இல்லையாம். வருஷா வருஷம் கோகுலாஷ்டமிக்கு அம்மா மடக்கின கையை மாவுல தோய்ச்சு, நடுவுல வளைஞ்ச குட்டிக் கிருஷ்ணர் பாதம் வைப்பா. அதைப் பார்த்து அப்பா, "இவன் செலக்‌ஷன்ல பாஸ் ஆயிருப்பான்"னு சொல்லுவார். சின்ன வயசுல அதை ஜோக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

இப்ப அவருக்கு சுகர் பார்டர்ல இருக்கு. தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. "இந்தக் காலுக்கு நடையெல்லாம் ஒத்துக்காது"ன்னு ஒரே பதில்.

சரி, என் கதைக்கு வர்றேன். புது ஷூ போட்டும் வலி போகல. பிசியோதெரபிஸ்ட் கிட்ட போனேன். அவங்க ஷூவைப் பார்க்கவே இல்ல. "வாரத்துக்கு எவ்வளவு ஓடறீங்க? ஒரு மாசம் முன்னாடி எவ்வளவு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். சிரிச்சாங்க. "நூறு யூசர் தாங்குற சர்வர்ல ஒரே மாசத்துல ஐநூறு யூசரை விடுவீங்களா?" மேட்டர் க்ளியர். பக் ஷூவுலயும் இல்ல, பாதத்துலயும் இல்ல, லோடுல இருக்கு.

அப்புறம் நுனிக்கால்ல நிக்கச் சொன்னாங்க. நின்னேன். தட்டையா இருந்த பாதத்துல அழகா ஒரு வளைவு எழும்பிச்சு! "இது வளைஞ்சு கொடுக்குற தட்டைப் பாதம். நிறைய பேருக்கு இருக்கு. வலி இல்லாட்டி இது வியாதியே இல்ல."

பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பானா? உக்காந்து படிச்சேன். ப்ரொனேஷன்ங்கறது பாதம் தரையில பட்டதும் உள்பக்கமா லேசா சாயறது. எல்லாருக்கும் நடக்கும், நடக்கணும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு விசை கால்ல இறங்குது. அந்த அதிர்ச்சியை வாங்கிக்கறதுல இந்தச் சாய்வுக்கும் பங்கு உண்டு. வளைவு கம்மியான பாதம் ஜாஸ்தி சாயும்னும், அதைத் தடுக்க உள்பக்கம் கெட்டியான ஃபோம் வெச்ச ஷூ வேணும்னும் ஒரு கணக்கு ரொம்ப வருஷமா ஓடிச்சு.

2009-10 வாக்குல அமெரிக்க ராணுவத்துல புதுசா சேர்ந்தவங்க கிட்ட இதைச் சோதிச்சாங்க. ஒரு கோஷ்டிக்குப் பாதத்தோட வடிவம் பார்த்து ஷூ, இன்னொரு கோஷ்டிக்கு வடிவம் பார்க்காம ஒரே வகை ஷூ. காயத்துல பெருசா வித்தியாசம் இல்ல. டென்மார்க்ல 927 புது ஓட்டக்காரங்களுக்கு சாதா நியூட்ரல் ஷூ கொடுத்து ஒரு வருஷம் கவனிச்சு, 2014-ல முடிவு போட்டாங்க. பாதம் உள்ள சாயறவங்களுக்கு அதனால காயம் கூடல. நியாயமா மறுபக்கமும் சொல்லிடறேன். லக்ஸம்பர்க்ல 372 பேர் வெச்சு 2016-ல வந்த ஆய்வுல, பாதம் உள்பக்கம் சாயறவங்களுக்கு சாய்வைக் கட்டுப்படுத்துற ஷூ உதவியிருக்கு. ஆக அந்த ஷூ டுபாக்கூர் இல்ல. ஆனா தட்டைக்கால்னு சொன்னதுமே பயந்து போய் கார்டைத் தேய்க்கணும்னு அவசியமும் இல்ல.

நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான் மக்களே:

1. சாயந்திரமா ஷூ வாங்கப் போங்க, அப்போ பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடுற சாக்ஸையே எடுத்துட்டுப் போங்க.

2. நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும். குதிகால் வழுக்கக் கூடாது. அகலமான பாதம்னா அகல சைஸ் கேட்டு வாங்குங்க. நம்மள்ல பல பேர் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறுறோம்.

3. கடைக்குள்ளயே நாலு ஓட்டம் ஓடிப் பாருங்க. யார் பார்த்தா என்ன? "போடப் போட சரியாயிடும் சார்"னா அந்த ஷூ வேணாம். கால்கரி பல்கலைக்கழகத்து பென்னோ நிக் 2015-ல சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: சௌகரியத்தை வெச்சுத் தேர்ந்தெடு.

4. பழைய ஷூவுல குதிகாலோட வெளி ஓரம் தேய்ஞ்சிருந்தா பதற வேணாம். முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான்.

5. தூரத்தை மெதுவா ஏத்துங்க. (இதை 72 சைஸ் எழுத்துல படிக்கவும்.)

நான் ரெண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்திட்டு திரும்ப ரெண்டு கிலோமீட்டர்லேர்ந்து ஆரம்பிச்சேன். இப்ப அஞ்சு வரைக்கும் வலி இல்ல.

போன ஞாயித்துக்கிழமை அப்பாவை ஹால்ல நிக்க வெச்சு, "ப்பா, நுனிக்கால்ல நில்லுங்க"ன்னேன். திட்டிக்கிட்டே சுவத்தைப் பிடிச்சு நின்னார். வளைவு வந்துச்சு. செல்லுல போட்டோ எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னிக்கு யாரும் இப்படி நிக்கச் சொல்லலையே"ன்னார். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

சாயந்திரம் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தக் கண்ணாடி மேடைப் பக்கமே போகல. நாலு ஜோடி போட்டு நடந்து பார்த்துட்டு, மூவாயிரத்துச் சொச்சத்துல ஒண்ணை அவரே எடுத்தார். மறுநாள் காலைல நான் எழுந்தப்போ வாசல்ல ஷூ இல்ல. அவரும் இல்ல.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, ஆணி புடுங்குறவன். வலி விடாம இருந்தா, திடீர்னு ஒரு கால் மட்டும் தட்டையானா, இல்ல சுகர் இருந்து கால் மரத்துப் போனா, இந்தப் பதிவை நம்பாம டாக்டரைப் பாருங்க.