சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு கையொப்பம்

அன்பான மாணவர்களே, நாளை நீங்களும் ஒரு கந்தோரிலோ, வங்கியிலோ, பாடசாலையிலோ கடமையேற்கப் போகிறவர்கள். ஆகவே எனது அனுபவம் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்.

நான் இலிகிதராகச் சேர்ந்த அலுவலகத்தில் காலை 8.30 மணிக்குக் கடமை ஆரம்பம். நேரம் கடந்ததும் பிரதம இலிகிதர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறிவிடுவார். ஒருநாள் பேருந்து பிந்தியதால் 9 மணிக்கே போய்ச் சேர்ந்தேன். கோட்டுக்கு மேலே எனது கையொப்பம் இருந்தது! நண்பர் ஒருவர் இட்டிருந்தார். "அரை மணித்தியாலந்தானே, ஆருக்கு என்ன நட்டம்?" என்றார். வெளியே வாங்கில், முதல் பேருந்தில் வந்த முதியவர்கள் படிவங்களுடன் எனக்காகக் காத்திருந்தனர். அவர்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் நண்பருக்காக நான் ஒப்பமிட்டேன்.

சில மாதங்களின் பின், அவர் போகாத பயணம் ஒன்றுக்குப் பிரயாணப் படி கோரினார். அதைச் சரிபார்ப்பது எனது வேலை. பொய் என்று தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை. அவர் என்னை மிரட்டவில்லை; எனது கையொப்பமே என்னைக் கட்டிப்போட்டது. "சரி" எனக் குறித்தேன்.

பின்னர், புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வேறொருவருக்காக ஒப்பமிடுவதைக் கண்டு கண்டித்தேன். "நீங்களும் அப்பிடித்தானே செய்யிறனீங்கள், அண்ணை?" எனப் பணிவாகவே கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் பிரதம இலிகிதரிடம் இரண்டையும் ஒப்புக்கொண்டேன். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நண்பரின் நட்பும் போயிற்று. ஆனால் அதன்பின் பிழையான கோரிக்கை ஒன்றைத் திருப்பி அனுப்ப எனது கை நடுங்கியதில்லை.

மாணவர்களே, நமது நாட்டில் இலஞ்சத்துக்கு எதிரான சட்டம் 1954 இலேயே இயற்றப்பட்டது. 1994 இல் ஆணைக்குழு அமைக்கச் சட்டம் வந்தது. 2023 இல் ஊழலுக்கு எதிரான புதிய சட்டமும் வந்தது. எனினும் வரவுப் பதிவேட்டின் அருகே எந்த ஆணைக்குழுவும் காவல் நிற்பதில்லை. அங்கே நிற்பவர் நாமே. சிறு தவறு பணத்தை மட்டும் தின்பதில்லை. பெரிய தவற்றைத் தட்டிக்கேட்கும் நாவையும் தின்றுவிடுகிறது. நாவிழந்தவர்கள் நிறைந்த நிறுவனத்தில் விதிகள் கடதாசியில் மட்டுமே இருக்கும்.

நண்பனின் ஒப்படையைப் பார்த்தெழுத இன்று உங்கள் கை நீளுமானால், அந்தச் சிவப்புக் கோட்டை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.