முகம் சாட்சியாகுமா?

ஐயம் நமக்குப் பகையன்று, தோழர்களே! ஐயம் நம் தோழன். விதியை ஐயுற்றோம், வேதத்தை ஐயுற்றோம், பிறப்பிலேயே உயர்வும் தாழ்வும் எழுதப்பட்டிருக்கின்றன என்று ஓதியவர்களை ஐயுற்றோம். அந்த ஐயம்தான் நம்மை மனிதராக்கியது. ஆனால் அதே சொல் காவல் நிலைய வாயிலில் வேறு உடை உடுத்தி நிற்கிறது. நாம் கருத்தை ஐயுற்றோம். அங்கே ஆளை ஐயுறுகிறார்கள். நாம் சான்று தேடுவதற்காக ஐயுற்றோம். அங்கே சான்று கிடைக்காதபோது அதன் ஆசனத்தில் ஐயத்தை அமர்த்துகிறார்கள்.

இதனை ஆராய இலண்டன் மாநகரை எடுத்துக்கொள்கிறேன். அங்கே குண்டும் வெடித்தது, ஐயமும் வெடித்தது. இரண்டைப் பற்றியும் விசாரணைகள் நடந்து உண்மைகள் ஏட்டில் ஏறியிருக்கின்றன. ஆகவே ஊகம் பேச வேண்டிய தேவை நமக்கில்லை.

2005ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் காலை, இலண்டனில் மூன்று சுரங்க இரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. வேலைக்குப் புறப்பட்ட 52 பேர் பிணமாயினர். ஜூலை 21இல் மீண்டும் நான்கு இடங்களில் முயன்றனர். நல்வாய்ப்பாகக் குண்டுகள் வெடிக்கவில்லை. முயன்றவர்களோ தப்பி ஓடினர். நகரமே நடுங்கிற்று. அந்த நடுக்கம் பொய்யன்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் மாலைவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றால், அவளை நோக்கி உரிமைத் தத்துவம் பேசி நகைப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். உயிரோடிருப்பதும் ஓர் உரிமை. ஏனைய உரிமைகள் எல்லாம் அதன் தோளில் நிற்பவை.

மறுநாள், ஜூலை 22. வெடிக்காத பை ஒன்றில் கிடைத்த உடற்பயிற்சிக் கூடத்தின் உறுப்பினர் அட்டை, போலீசாரை ஒரு குடியிருப்பின் வாயிலுக்கு இட்டுச் சென்றது. அதே பொது வாயில் வழியாக வெளியே வந்தார் ஓர் இளைஞர். பெயர் ஜீன் சார்லஸ் டி மெனேசஸ், வயது 27, பிரேசில் நாட்டவர், மின்சாரப் பணியாளர். தேடப்பட்டவனோ எத்தியோப்பியாவில் பிறந்தவன். வாயிலைக் கண்காணிக்க வேண்டியவர் இயற்கைக் கடன் கழிக்கச் சென்றிருந்ததால் படம் எடுக்கப்படவில்லை. இளைஞர் பேருந்தில் ஏறினார். பிரிக்ஸ்டன் நிலையம் மூடியிருந்ததால் இறங்கியவர் மீண்டும் ஏறினார். மூடிய கதவைக் கண்டு திரும்புவது எவரும் செய்யும் செயல். ஆனால் ஐயம் என்ற கண்ணாடி வழியே பார்த்தவர்களுக்கு அதுவும் கள்ளத்தனமாகத் தோன்றிற்று! ஸ்டாக்வெல் நிலையத்தில் இலவசச் செய்தித்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, பயண அட்டையைக் காட்டி உள்ளே சென்று, இரயிலில் அமர்ந்தார். தலையில் ஏழு குண்டுகள் பாய்ந்தன.

அவர் கனத்த மேலாடை அணிந்திருந்தார், தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினார் என்றெல்லாம் முதலில் செய்தி பரவிற்று. இரண்டும் பொய்யென்று பின்னர் வெளிப்பட்டது. 2007இல் மாநகரப் போலீஸ் துறையைக் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. எந்தச் சட்டத்தின்கீழ் என்று நினைக்கிறீர்கள்? பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்! தண்டம் 1,75,000 பவுன். 2008இல் மரண விசாரணையில் அமர்ந்த நடுவர் குழு, அதனைச் சட்டப்படியான கொலை என்று ஏற்க மறுத்தது. தனிப்பட்ட காவலர் எவர்மீதும் வழக்கு இல்லை.

சுட்டவரை அரக்கர் என்று நான் எழுதவில்லை. அடுத்த நொடி இரயிலே வெடித்துச் சிதறக்கூடும் என்று நம்பிய மனிதர் அவர். கேள்வி அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதே. தேடப்பட்டவன் இவன்தான் என்று காட்டும் சான்று ஒன்றேனும் கையில் இருந்ததா? ஒரே வாயில், ஓரளவு ஒத்த தோற்றம், அச்சம் நிறைந்த நெஞ்சம்: இந்த மூன்றும் சேர்ந்து சான்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்த ஐயத்தின் சிறு துளி என்மீதும் தெறித்ததுண்டு. கடல் கடந்த நகரொன்றில் சில காலம் வாழ்ந்தபோது, இரயில் நிலைய வாயிலில் நூற்றுக்கணக்கானோர் போய்க்கொண்டிருக்க, காவலர் இருவர் என்னை மட்டும் அழைத்தனர். பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இரண்டு நூல்களும் தயிர்ச்சோற்றுத் தூக்கும் இருந்தன. தூக்கையும் திறந்து பார்த்தார்கள். "எங்கிருந்து வருகிறீர்?" என்றார் ஒருவர். நான் குடியிருந்த தெருவின் பெயரைச் சொன்னேன். "அது சரி, உண்மையில் எங்கிருந்து?" என்றார். கடுஞ்சொல் ஏதும் பேசவில்லை, கை ஓங்கவில்லை, பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். "என்னை நிறுத்தியதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டேன். "காரணம் தேவையில்லை" என்று மரியாதையாகவே விடை வந்தது.

வசவைத் தாங்கலாம், தோழர்களே! 'ஏன்?' என்ற ஒரு சொல்லை ஊன்றுகோலாகக் கொண்டு வளர்ந்தவனுக்கு, காரணம் தேவையில்லை என்ற சொல்லைத் தாங்குவது எளிதன்று. சில நாள் கழித்து அதே நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பை ஒன்றைக் கண்டேன். போய்ச் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன், முதல் கேள்வி பையைப் பற்றி வருமா, என்னைப் பற்றி வருமா என்று எண்ணியபடி ஒரு நிமிடம் நின்றேன். பையில் பழைய துணிதான் இருந்தது. குண்டு இருந்திருந்தால், அந்த ஒரு நிமிடத்தின் விலையை யார் கொடுத்திருப்பார்கள்?

காரணம் தேவையில்லை என்பது பிரிட்டனில் சட்டமாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், 44ஆம் பிரிவு. குறித்த பகுதிக்கு மேலதிகாரி ஆணை பிறப்பித்துவிட்டால், அங்கே எவரையும் ஐயத்துக்குக் காரணமின்றியே நிறுத்திச் சோதிக்கலாம். 28 நாளுக்கு உரிய அந்த ஆணை, 2001 முதல் இலண்டன் முழுமைக்கும் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. மக்களுக்கு அது தெரியவும் தெரியாது!

பலன் என்ன? 2009-10ஆம் ஆண்டில் இத்தகைய அதிகாரத்தின்கீழ் நிறுத்திச் சோதிக்கப்பட்டவர் 1,01,248 பேர். அவர்களுள் பயங்கரவாதக் குற்றத்துக்காகக் கைதானவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. ஆசியரும் கறுப்பரும் தம் தொகைக்கு மிஞ்சி நிறுத்தப்பட்டனர் என்ற குறை எழுந்தது. அதற்குக் கண்ட மருந்து என்ன தெரியுமா? கணக்கைச் சரிக்கட்ட, எவ்வித ஐயத்துக்கும் இடமில்லாத வெள்ளையரையும் நிறுத்தினார்கள் என்று, சட்டத்தை மேற்பார்வையிட்ட கார்லைல் பிரபுவே 2009இல் எடுத்துரைத்தார். அநீதியை நீக்குவதற்குப் பதிலாக அதனைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்! 2010 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டித்தது. அவ்வாண்டே அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. 2012இல் கட்டுப்பாடுகள் மிகுந்த வேறொரு பிரிவு அதன் இடத்துக்கு வந்தது.

"குறிப்பிட்ட இனத்தாரிடையே தீவிரவாதி இருக்கிறான், அவ்வினத்தாரைச் சோதித்தால் என்ன தவறு?" என்று கேட்பார் உளர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இனத்தார் பத்து இலட்சம் பேர். அவர்களுள் தீயவர் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருமுறை மட்டுமே தவறும் அற்புதத் தராசு ஒன்றும் கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அந்தத் தராசு, தீயவர் பத்துப் பேரோடு, குற்றமற்ற பதினாயிரம் பேரையும் சேர்த்துக் காட்டும்! ஆயிரம் வீட்டுக் கதவை இடித்தால் ஒரு வீட்டில்தான் பகைவன். முகத்தை மட்டுமே பார்க்கும் கண்ணோ அத்தராசில் நூறில் ஒரு பங்கும் தேறாது.

முகம் ஏமாற்றவும் செய்யும். 1999 ஏப்ரலில் இலண்டனில் மூன்று இடங்களில் ஆணிக் குண்டு வைத்து மூவரைக் கொன்ற டேவிட் கோப்லண்ட் வெள்ளையன், நிறவெறியன். கறுப்பு முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்ற காவலன் அருகிலேயே அவன் பையோடு நடந்து போயிருக்கலாம்.

1974இல் பர்மிங்காம் நகர மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தபோது, ஐயத்துக்குரிய முகம் ஐரிஷ்காரனின் முகமாக இருந்தது. எட்டே நாளில் நாடாளுமன்றம் 'தற்காலிக' சட்டம் இயற்றிற்று. அதன் வாரிசுகள் கால் நூற்றாண்டு வாழ்ந்தன! ஆறு ஐரிஷ்காரர்கள் 1975இல் ஆயுள் தண்டனை பெற்றனர். அடித்து வாங்கிய வாக்குமூலமும், நம்பத்தகாத இரசாயனச் சோதனையும் சான்றாயின. 16 ஆண்டு சிறையிருந்தபின், 1991இல் குற்றமற்றவர் என்று விடுதலையாயினர். ஆறு குடும்பங்கள் அழிந்தன. குண்டு வைத்தவனோ தண்டனை பெறவே இல்லை. இந்த ஏற்பாட்டையா பொதுமக்கள் பாதுகாப்பு என்று அழைப்பது?

பிறப்பே குற்றம் என்ற இந்தத் தருக்கம் நமக்குப் புதிதன்று. அதே பிரிட்டிஷ் ஆட்சி, 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் தீட்டி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அதனை விரித்தது. தொட்டில் குழந்தையும் வருங்காலத் திருடன்! இரவில் ஆடவர் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும்! அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920இல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாயினர். 1947இல்தான் நம் மாகாணம் அச்சட்டத்தை நீக்கிற்று. மனுவின் ஏடு பிறப்பைக் கண்டு தொழிலை விதித்தது. பரங்கியின் ஏடு பிறப்பைக் கண்டு குற்றத்தை விதித்தது.

அப்படியானால் காவலர் கைகட்டி நிற்பதா? இல்லை. குற்றவாளிகள் எப்படிப் பிடிபட்டார்கள் என்று பாருங்கள். 2005 ஜூலை 7 இரவு, மகன் வீடு திரும்பவில்லையே என்று ஒரு தாய் போலீசாருக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவள் மகன்தான் குண்டு சுமந்த நால்வருள் ஒருவன். அவள் தந்த தகவல், போலீசாரை அந்நால்வரின் அடையாளம் நோக்கி இட்டுச் சென்றது. கோப்லண்டைக் காட்டிக் கொடுத்தது, வெளியிடப்பட்ட படத்தைக் கண்டு தகவல் சொன்ன உடன் வேலை செய்தவர். ஜூலை 21இல் தப்பிய நால்வரும், படங்களை வெளியிட்டு, தொலைபேசித் தடம் பற்றி, எட்டே நாளில் பிடிபட்டனர். படம், தடம், தகவல் என்ற மூன்றும் சான்றைத் தேடிய ஐயத்தின் விளைச்சல். அந்தத் தாய் போலீசைக் கண்டு அஞ்சித் தொலைபேசியைக் கீழே வைத்திருந்தால்? ஓர் இனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவன், தகவல் சொல்ல வரும் தாயின் வாயை அடைக்கிறான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. நிறுத்துவதற்குக் காரணம் வேண்டும். அக்காரணம் அந்த ஆளின் செயலில் இருக்க வேண்டும், தோலிலோ தாடியிலோ பெயரிலோ அன்று. அக்காரணத்தை எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். எத்தனை பேரை நிறுத்தினர், எத்தனை பேரிடம் ஏதேனும் கண்டனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும். நெருக்கடிக்கென்று தனி அதிகாரம் தேவையென்றால், இடத்துக்கு எல்லையும் நாளுக்கு முடிவும் வேண்டும். தவறு நேர்ந்தால் தவறியவரே நீதிபதியாகாத விசாரணை வேண்டும்.

இவற்றைக் கேட்பவனைத் தேசத் துரோகி என்பார்கள். தீவிரவாதிக்குத் துணை போகிறவன் என்பார்கள். நாளை நம் தெருவிலேயே குண்டு வெடிக்கலாம், ஊர் கொதிக்கலாம், ஒரு சமூகத்தின் முகத்தைச் சுட்டி 'இவர்களைப் பிடி' என்ற கூச்சல் எழலாம். அந்த நேரத்தில் இறந்தவர் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். அவர்களோடு சேர்ந்து அழுங்கள். பிறகு தெருவுக்கு வந்து, கூச்சலிடுவோரை நோக்கி ஒரே கேள்வி கேளுங்கள்: சான்று எங்கே?