டான்யூப் விழுங்காத இரண்டு தூண்கள்

ருமேனியாவின் தென்மேற்கு மூலையில் ட்ரோபேட்டா-துர்னு செவரின் என்ற ஊர். அங்கே டான்யூப் ஆற்றங்கரையில் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இறுகிக் கிடக்கும் ஒரு பெரும் திட்டைக் காணலாம். எதிர்க்கரை செர்பியா. அங்கும் கோஸ்டோல் அருகே இதேபோல ஒன்று நிற்கிறது. நடுவில் தண்ணீர் மட்டுமே. இவை ஒரே பாலத்தின் இரு முனைகள். அந்தப் பாலத்துக்கு வயது 1,900 ஆண்டுக்கு மேல்.

ரோமப் பேரரசர் டிராஜன், டான்யூபுக்கு வடக்கே இருந்த டாசியா நாட்டை வெல்லப் புறப்பட்டவர். முதல் போர் கி.பி. 102இல் முடிந்தது, ஆனால் பகை தீரவில்லை. அடுத்த போருக்குப் படகுகளை நம்பியிருக்க அவர் விரும்பவில்லை. டமாஸ்கஸ் நகரத்து அப்பல்லோடோரஸ் என்ற கட்டடக் கலைஞர் 103 முதல் 105க்குள் பாலத்தைக் கட்டி முடித்தார். நீளம் சுமார் 1,135 மீட்டர். ஆற்றுக்குள் 20 தூண்கள். அவற்றின்மேல் மர வளைவுகள். செங்கற்களில் படைப்பிரிவுகளின் முத்திரைகள் இருக்கின்றன. கிரீட், ஸ்பெயின், பிரிட்டன் என்று எங்கெங்கோ உள்ள நாடுகளின் பெயர் தாங்கிய பிரிவுகள் இந்தக் கரையில் செங்கல் சுட்டிருக்கின்றன. எனக்குப் பாலத்தின் நீளத்தைவிட இந்த முத்திரைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

சுழலும் சேறும் நிறைந்த ஆற்றில், தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடவும் வழியில்லாதபோது, தூண்களை எப்படித்தான் நட்டார்கள் என்று வியந்தார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. பாலத்தின் முடிவையும் அவரே சொல்கிறார். டிராஜனுக்குப்பின் வந்த ஹேட்ரியன், எதிரிகள் இதே வழியாகத் தெற்கே இறங்கிவிடுவார்களோ என்று அஞ்சி மேல்தளத்தைப் பிரித்துவிட்டாராம். கட்டிய அப்பல்லோடோரஸும் ஹேட்ரியன் கட்டளையால் கொல்லப்பட்டார் என்கிறார் டியோ. இதை ஐயுறும் அறிஞர்கள் உண்டு. பாலம் முழுதாக இருந்த கோலத்தை ரோம் நகரில் டிராஜன் வெற்றித்தூணின் சிற்பங்களில் இன்றும் பார்க்கலாம்.

ருமேனியாவின் நிலப்பகுதிகள் சில, காடு, மலை, ஆறு இவற்றிலிருந்து பெயர் பெற்றவை. டிரான்சில்வேனியா என்றால் காட்டுக்கு அப்பால். முன்டேனியா என்ற பெயருக்குள் மலை இருக்கிறது. நிலமோ பெரும்பாலும் சமவெளி. ஓல்ட் ஆற்றுக்கு மேற்கே உள்ளது ஓல்டேனியா. நம் பாலத்தின் வடகரை அதில்தான். ருமேனியாவில் கார்பாத்திய மலைகளில் பிறக்கும் ஆறுகள் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் டான்யூபில்தான் விழுகின்றன. ஆனாலும் அந்த டான்யூப் நாட்டின் தெற்கு எல்லையாகவே நெடுங்காலம் இருந்தது. ஆற்றைத் தாண்டியிருந்த வட டோப்ருஜா 1878இல்தான் ருமேனியாவோடு சேர்ந்தது. அதை நாட்டோடு இருப்புப்பாதையால் கட்டிப்போட்டவர் ஆங்கெல் சலிக்னி என்ற பொறியாளர்; செர்னவோடாவில் அவர் அமைத்த எஃகுப் பாலம் 1895இல் திறக்கப்பட்டது. பல்கேரிய எல்லையாக ஓடும் சுமார் 470 கிலோமீட்டரிலோ நவீன காலத்தில் 1954 வரை நிலையான ஒரு பாலம்கூட இல்லை. இரண்டாவது வந்தது 2013இல். இதையெல்லாம் அறிந்தபின் டிராஜனின் தூண்களைப் பார்த்தால் மலைப்பு இன்னும் கூடுகிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆறு மிகவும் வற்றியபோது இருபது தூண்களும் தலைகாட்டின. கப்பல்களுக்கு இடைஞ்சல் என்று 1906இல் இரண்டைத் தகர்த்தார்கள். 1932இல் நீருக்கடியில் 16 தூண்கள் இருந்தன. 1982இல் தேடியபோது கிடைத்தவை 12. ஐம்பதே ஆண்டில் ஆறு இத்தனை எடுத்துக்கொண்டது மனத்தை உறுத்துகிறது.

சற்று மேலே, இரும்பு வாயில் அணை 1972இல் முடிந்தது. அதன் நீர்த்தேக்கத்தில் துருக்கியர் வாழ்ந்த ஆடா காலே என்ற தீவு முழுவதும் மூழ்கியது. டிராஜன் கரைப்பாறையில் பொறித்திருந்த ஒரு கல்வெட்டை வெட்டியெடுத்து உயரத்தில் பதித்தார்கள்.

பழைய பாலத்தின் இடத்தில் இன்று பாலம் இல்லை. ட்ரோபேட்டாவிலிருந்து எதிர்க்கரைக்குப் போக, ஆற்றோடு மேலேறி அணைக்கு வந்து, அதன்மேல் ஓடும் சாலையில், எல்லைக்காவலரிடம் கடவுச்சீட்டைக் காட்டிக் கடக்க வேண்டும்.