அக்காவின் ரிப்போர்ட்

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அக்கா இப்போது இல்லை. இருந்தபோதே, "எழுதுடா தம்பி, நாலு பொண்ணுங்களுக்கு உதவும்" என்று சொல்லியிருக்கிறாள்.

அக்காவுக்குப் புதுச்சேரியில் 1966-ல் கல்யாணம். பத்து வருடம் குழந்தை இல்லை. அரசமரம் சுற்றினாள், ராமேஸ்வரம் போனாள். மாதவிலக்கு வரவரக் குறைந்து நின்றே போனது. "சூட்டு உடம்பு" என்றார்கள். அத்தானை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. குறை அக்காவுடையது என்று முடிவாகிவிட்டது. 1976-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

இரண்டு வருடம் கழித்து அடிவயிற்றில் வலி. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையின் உள்தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை வாங்கி வந்தவன் நான். படித்ததெல்லாம் பிரெஞ்சில், இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் ஒரு சொல் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து டிக்தேயில் நான் எழுதிய 'துய்பெர்க்குலோஸ்' அது. பி.சி.ஜி. தடுப்பூசியைக் கண்டுபிடித்த கால்மெத், கெரேன் இருவரையும் பற்றி எங்கள் வாத்தியார் பெருமையாகச் சொல்வார்.

"அக்கா இருமினதே இல்லையே, டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். கிருமி மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போகும். அங்கே அடங்கிக் கிடந்து, ரத்தத்தோடு கலந்து கருக்குழாயில் போய்த் தங்கும். அங்கிருந்து கர்ப்பப்பைக்கு இறங்கும். குழாய் அடைபடும், உள்தோல் தழும்பாகும். இருமலே இல்லாமல் இத்தனையும் நடக்கலாம். "வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா?" என்று கேட்டார்.

எங்கள் ஆயா பின்கட்டில் இருமி இருமியே செத்தாள். துணைக்கு அவள் பாயில் படுத்தவள் எட்டு வயது அக்கா. படுக்கச் சொன்னவள் அம்மா.

ஒரு வருடத்துக்கு மேல் ஊசியும் மாத்திரையும். நோய் தீர்ந்தது. மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பை மாற்றாது.

ரிப்போர்ட்டை அத்தான் வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அக்கா தடுத்தாள். "அங்க எதுக்குடா? அம்மாகிட்ட படிச்சுக் காட்டு" என்றாள். 'ராசியில்லாதவ' என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். படித்துக் காட்டினேன், ஆயாவின் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அதன் பிறகு அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆயாவின் பாயைப் பற்றிக் கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

இன்று பெரும்பாலும் ஆறு மாத மருந்து போதும், அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. கர்ப்பப்பையின் உள்தோல் கெடாதிருந்தால், சோதனைக்குழாய் முறையில் குழந்தைக்கும் வழி இருக்கிறது. ஆனால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கோ பேத்திக்கோ குழந்தை தள்ளிப்போனால், கணவன் மனைவி இருவரையும் டாக்டரிடம் அனுப்புங்கள். வீட்டில் எந்தக் காலத்திலாவது யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், வெட்கப்படாமல் அதையும் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பழைய கதை நம்மைப்போன்ற கிழவர்களுக்குத்தான் தெரியும்.