கோயில்ல அரசியல் பேசாதே என்றோம்

இன்று திருவிழா படம் எதுவும் போடல. மனசுல ரொம்ப நாளா உறுத்துற ஒன்னைச் சொல்லணும்.

2022 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். மறுநாள் பொதுத்தேர்தல். சாம்பார் வாளி தூக்கும் நம்ம பையன், 19 வயசு, "அங்கிள், நாளைக்கு நான் எங்க போய் ஓட்டு போடணும்?"னு கேட்டான். "கோயில்ல அரசியல் பேசாதப்பா"ன்னு வாயை அடைச்சிட்டோம்.

மறுநாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்னிருக்கான். பேர் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. குடும்பம் கிள்ளானுக்கு வந்து ஆறு வருஷமாச்சு, ஐசியில் இன்னும் தைப்பிங் பாட்டி வீட்டு முகவரிதான். பேராவில் அன்னைக்குச் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல். இரண்டு ஓட்டு போச்சு.

வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆக்கும் திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. 211 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. பதிவும் தானாகவே நடக்கும், ஆனால் ஐசி முகவரிப்படி. இதைப் பிள்ளைகளுக்கு யார் சொன்னது? தேவார வகுப்புக்கு வரும் ஒரு பெண் சொன்னாள், "1955 தேர்தல்ல 52ல 51 தொகுதி யார் ஜெயிச்சாங்கன்னு எஸ்பிஎம்முக்குப் படிச்சேன் அக்கா. ஓட்டுச்சீட்டுல எப்படிக் குறி போடணும்னு தெரியாது."

இன்னொன்னும் கேட்டாள். "திருவிழாவுக்கு ஒய்பி வந்தா மாலை போட்டு மைக்கும் குடுக்கறோம். அது அரசியல் இல்லையா?" எங்ககிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல.

அதனால் இந்த ஞாயிறு தேவார வகுப்புக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரப் போறோம். கட்சி பேர் கிடையாது, சின்னம் கிடையாது, ஒய்பியும் கிடையாது. நிர்வாகத்தில் இரண்டு பெரியவங்களுக்கு இன்னும் சம்மதமில்லை, அவங்க பயமும் நியாயம்தான். ஒரு கட்சிப் பேச்சு வந்தாலும் நிறுத்திடறோம்னு வாக்கு கொடுத்திருக்கோம்.

பிள்ளைகள் ஐசியோடு வரட்டும். பேர் எந்தத் தொகுதியில் இருக்குன்னு போனிலேயே பார்த்திடலாம். முகவரி பழசுன்னா முதலில் ஜேபிஎன்னில் மாத்தணும், அப்புறம் எஸ்பிஆரில் தொகுதி மாற்றத்துக்குத் தனியா விண்ணப்பிக்கணும். தேர்தல் அறிவிச்ச பிறகு ஓடினா நேரம் பத்தாது.

காலை 10.30, மண்டபத்தில். சாம்பார் வாளி பையன்தான் முதல்ல பேசறான். பெற்றோரும் வாங்க, உங்க ஐசியையும் எடுத்துட்டு வாங்க.